திடலுக்கு வெளியே தொடங்கும் தொற்று

2016 மே மாதம், ரியோ டி ஜெனிரோ ஒலிம்பிக்ஸ் தொடங்கச் சுமார் பத்து வாரம் இருந்தபோது, பல நாடுகளைச் சேர்ந்த 150 மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். போட்டியைத் தள்ளிவையுங்கள், இல்லையென்றால் வேறு ஊருக்கு மாற்றுங்கள் என்பது அவர்களின் கோரிக்கை. காரணம் ஜிகா. கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் அந்த வைரஸ், கொசு மூலம் பிரேசில் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. சில முன்னணி கோல்ஃப் வீரர்கள் ஜிகாவைக் காரணம் காட்டி விலகிக்கொண்டார்கள். ஐந்து லட்சம் வெளிநாட்டவர் வந்து, தொற்றை வாங்கிக்கொண்டு உலகமெங்கும் கொண்டுபோவார்கள் என்று தலைப்புச் செய்திகள் வந்தன.

போட்டி நடந்து முடிந்தது. வந்துபோன வீரர்களிலும் பார்வையாளர்களிலும் ஜிகா உறுதியானதாக ஒரு தகவலும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் பிறகு அறிவித்தது. இதில் அதிசயம் எதுவும் இல்லை. ஆகஸ்ட் மாதம் ரியோவில் குளிர்காலம், ஜிகாவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அடங்கியிருக்கும் பருவம். கடிதம் வந்தபோதே இதைச் சுட்டிக்காட்டியவர்கள் இருந்தார்கள். அவர்கள் குரல் தலைப்புச் செய்தியாகவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு ஆண்டு கழித்து, 2018 பிப்ரவரியில், தென்கொரியாவின் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக்ஸ். தொடக்க விழாவுக்குச் சில நாள் இருக்கும்போது பாதுகாப்புக் காவலர்கள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக விழத் தொடங்கினார்கள். அவர்கள் தங்கவைக்கப்பட்டிருந்தது ஓர் இளைஞர் முகாம் கட்டடத்தில். நோய் நோரோ வைரஸ். அங்கே சமையலுக்குப் பயன்படுத்திய நிலத்தடி நீரில் மலம் கலந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. 1,200 காவலர்களை வேலையிலிருந்து விலக்கி அறைகளிலேயே இருக்கச் சொன்னார்கள். பைகளைச் சோதிக்கவும் வாயிலில் நிற்கவும் 900 ராணுவத்தினரை அவசரமாக இறக்கினார்கள். போட்டி முடிவதற்குள் பாதிக்கப்பட்டவர்கள் எண்ணிக்கை 300ஐத் தாண்டியது. அதில் இரண்டு ஸ்விட்சர்லாந்து வீரர்களும் அடக்கம்.

உலகமே எதிர்பார்த்து நின்ற வைரஸ் வரவில்லை. யாரும் தலைப்புச் செய்தி எழுதாத வைரஸ், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு சமையலறை வழியாக வந்தது. பெரிய விளையாட்டுப் போட்டிகளில் நோய் பரவிய வரலாற்றைப் புரட்டினால் இதுதான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. கேமராக்கள் திடலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. தொற்று திடலுக்கு வெளியே தொடங்குகிறது: காவலர் விடுதியில், ஓட்டலில், ரயிலில், விமான நிலைய வரிசையில். பல சமயம் போட்டி முடிந்து, எல்லோரும் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது வெளியே தெரிகிறது.

ஒரு வாந்தி போதும்

நோரோ வைரஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விளையாட்டுக் கிராமங்களுக்கும் சொகுசுக் கப்பல்களுக்கும் அது பழகிய விருந்தாளி. 10 முதல் 100 வைரஸ் துகள்கள் உடம்புக்குள் போனாலே நோய் வரும். நோயாளி ஒரு முறை வாந்தியெடுத்தால் வெளிவரும் துகள்களோ கோடிக்கணக்கில். தொற்றிய 12 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் ஆள் படுத்துவிடுவார். மூன்று நாளில் எழுந்தும்விடுவார். ஆனால் அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் அவருடைய மலத்தில் வைரஸ் வெளியேறலாம். கோவிட் காலத்தில் எல்லா வாயிலிலும் தொங்கவிட்ட ஆல்கஹால் சானிடைசர் இந்த வைரஸிடம் அவ்வளவாகச் செல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும்.

சுத்தம் செய்வதிலும் முறை இருக்கிறது. ஓட்டல் வரவேற்பறைக் கம்பளத்தில் ஒருவர் வாந்தியெடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பதறிப்போன பணியாளர் வேக்யூம் கிளீனரை எடுத்து வந்தால் கதை முடிந்தது. வைரஸை உறிஞ்சி, பின்பக்கமாகக் காற்றில் தூவிவிடும். ஈரத் துடைப்பத்தால் இழுத்தால் ஓரிடத்தில் இருந்தது பத்து இடத்துக்குப் போகும். செய்ய வேண்டியது இது: முதலில் ஆட்களை விலக்கு. கையுறையும் முகக்கவசமும் போடு. உறிஞ்சும் தாளை மேலே விரித்து மூடு. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வாரிப் பையில் கட்டு. பிறகு குளோரின் கரைசல் போட்டு, உடனே துடைக்காமல் சில நிமிடம் ஊறவிடு. குளோரின் தாங்காத கம்பளத்துக்கு நீராவி. இதை வரவேற்பறையில் நிற்கும் கடைசிப் பணியாளர்வரை போட்டிக்கு முன்பே சொல்லித் தந்திருக்க வேண்டும். பல கோடி செலவில் நடக்கும் போட்டியில் ஒரு வாளியும் ஒரு குளோரின் பாட்டிலும் எந்த மாடியில் இருக்கிறது என்பதுதான் சில நேரம் பதக்கப் பட்டியலையே மாற்றுகிறது.

சமையலறை ஊழியர் விஷயம் இன்னும் சிக்கல். வாந்தி, பேதி நின்ற பிறகும் 48 மணி நேரம் உணவைத் தொடக் கூடாது என்பது பல நாடுகளில் எழுதப்பட்ட விதி. ஆனால் போட்டிக் காலச் சமையலறைகளில் பாதிப்பேர் ஒப்பந்தக்காரர் மூலம் வந்த தற்காலிகப் பணியாளர்கள். வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்றால், வயிற்றைப் பிடித்துக்கொண்டாவது வந்து நிற்பார்கள். நோயுற்ற நாளுக்கும் கூலி உண்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பது, வாயிலில் நிறுத்தும் காய்ச்சல் கேமராக்களைவிடப் பெரிய தடுப்பு என்பது என் கணிப்பு. கேமராவைப் புகைப்படம் எடுத்துப் போடலாம், ஒப்பந்த வரியைப் போட முடியாது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

இதே தர்க்கம் வீரருக்கும் பொருந்தும். 2017 ஆகஸ்ட், லண்டன் உலகத் தடகளப் போட்டி. சில அணிகள் தங்கியிருந்த ஓட்டலில் வயிற்று நோய் பரவியது. போட்ஸ்வானாவின் ஐசக் மக்வாலா 400 மீட்டரில் பதக்க வாய்ப்புள்ள ஓட்டக்காரர். அவருக்கும் தொற்று என்று சொல்லி 48 மணி நேரம் தனிமைப்படுத்தினார்கள். 400 மீட்டர் இறுதிக்கு வந்தவரை அரங்குக்குள் விடவில்லை. தான் நலமாக இருப்பதாக அவர் சொன்னார். தடையை நீக்கிய பிறகு, தவறிய 200 மீட்டர் தகுதிச் சுற்றுக்காக மழையில், காலியான ஓடுபாதையில் தன்னந்தனியாக ஓடவிட்டார்கள். 20.53 விநாடி தேவை, 20.20இல் முடித்துவிட்டு, தரையில் படுத்துத் தண்டால் எடுத்துக் காட்டினார். அரங்கமே எழுந்து கைதட்டியது.

மருத்துவ ரீதியில் 48 மணி நேர விதி சரிதான். ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்த ஒவ்வொரு வீரரும் என்ன பாடம் படித்திருப்பார்? வாந்தி வந்தால் வெளியே சொல்லாதே என்பதுதான். நான்காண்டு உழைப்பைப் பணயம் வைத்து யாரும் நோயை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதனால் யாரை, எந்த அறிகுறிக்கு, எந்தப் பரிசோதனைக்குப் பிறகு, எத்தனை மணி நேரம் விலக்கி வைப்போம் என்பதைப் போட்டிக்குப் பல மாதம் முன்பே எல்லா அணி மருத்துவர்களும் கையெழுத்திட்டு ஏற்றிருக்க வேண்டும். அரங்க வாயிலில் நின்று முடிவெடுக்கிற விஷயம் அல்ல அது. அணி மருத்துவர் என்பவரும் இருதலைக் கொள்ளி எறும்பு. அவர் சொன்னால்தான் நகரத்துச் சுகாதாரத் துறைக்கே தெரியும்; ஏனென்றால் வீரர்கள் உள்ளூர் மருத்துவமனைக்குப் போவதில்லை, தங்கள் அணி கொண்டுவந்த மருந்துப் பெட்டியோடு முடித்துக்கொள்கிறார்கள்.

ஊர் திரும்பிய பிறகு

நோரோ வைரஸாவது இரண்டு நாளில் தன்னைக் காட்டிக்கொள்ளும். தட்டம்மை அப்படியல்ல. தொற்றியதற்கும் உடம்பில் தடிப்பு தெரிவதற்கும் நடுவே பொதுவாக இரண்டு வாரம், சிலருக்கு மூன்று வாரம்கூட ஆகும். தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அவர் மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிடுவார். எதிர்ப்புச் சக்தியே இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி சராசரியாக 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார் என்பது பாடநூல் கணக்கு. அவர் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை வைரஸ் காற்றில் நிற்கும்.

1991இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்பு ஒலிம்பிக்ஸ் நடந்தது. தொடக்க விழா கூரை மூடிய ஓர் அரங்கில். அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஒரு தடகள வீரருக்குத் தட்டம்மை. அடுத்த வாரங்களில் பல மாநிலங்களில் நோயாளிகள் தென்பட்டார்கள். அவர்களில் இருவர் அந்த வீரரின் பக்கத்திலேயே போகாதவர்கள். மேல் தளத்தில் ஒரே பகுதியில் உட்கார்ந்து விழாவைப் பார்த்தவர்கள். வீரர்கள் நுழைந்த வழியிலிருந்து 30 மீட்டருக்கும் மேல் தள்ளி. அரங்கின் காற்றோட்டம் வைரஸை அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது என்றே ஆய்வு செய்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

2007இல் பென்சில்வேனியாவில் சிறுவர்களுக்கான பன்னாட்டு பேஸ்பால் போட்டி. ஜப்பானிலிருந்து வந்த 12 வயதுப் பையனுக்குத் தட்டம்மை. அவனிடமிருந்து தொடங்கிய சங்கிலியில் அமெரிக்காவில் ஆறு பேர் மாட்டினார்கள். போட்டிக்கு வந்த ஒரு நிறுவனப் பிரதிநிதி டெக்சாஸுக்குத் திரும்பி, அங்கே போட்டியைக் கண்ணாலும் காணாத கல்லூரி மாணவர்கள் இருவருக்குக் கொடுத்தார். எண்ணிக்கை சிறியதுதான். அமெரிக்காவில் அப்போது தடுப்பூசிச் சுவர் உயரமாக இருந்ததால் அது ஆறோடு நின்றது. 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 82 பேருக்குத் தட்டம்மை வந்தது. வைரஸின் மரபணுவைப் பார்த்தபோது, இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து தனித்தனியே வந்திறங்கிய வைரஸ்கள் என்று தெரிந்தது. தடுப்பூசி போடாதவர்கள் கொத்தாக வாழ்ந்த இடங்களில்தான் அது பற்றிக்கொண்டது.

இங்கே ஹஜ் யாத்திரையை ஒப்பிடாமல் இருக்க முடியாது. பெருங்கூட்ட மருத்துவம் என்ற துறை வளர்ந்ததே பெருமளவு அதைச் சுற்றித்தான். 2000, 2001 ஆண்டுகளில் யாத்திரிகர்களிடையே மூளைக்காய்ச்சல் கிருமியின் ஒரு வகை பரவி, அவர்களோடு பல நாடுகளுக்கும் போனது. அதன் பிறகு நான்கு வகைக் கிருமிகளுக்கும் சேர்த்துத் தடுப்பூசி போட்டதற்கான சான்று இல்லாமல் ஹஜ் விசா கிடையாது என்று சவூதி அரேபியா விதித்தது. விளையாட்டுப் போட்டிக்கு இப்படியொரு கதவு இல்லை. டிக்கெட் இருந்தால் வரலாம். தட்டம்மை ஊசி போட்டீர்களா என்று கேட்டால் ரசிகர்கள் மட்டுமல்ல, டிக்கெட் விற்பவர்களும் முகம் சுளிப்பார்கள். ஆகவே நடத்தும் நகரம் செய்யக்கூடியது ஒன்றே: வருபவர்களைத் தடுக்க முடியாவிட்டால் தன் மக்களுக்கு ஊசி போட்டு முடிப்பது. டாக்சி ஓட்டுநர், ஓட்டல் ஊழியர், தன்னார்வலர், மருத்துவமனை வரவேற்பறை ஊழியர் ஆகியோருக்கு முதலில். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டால்தான் பயன்.

நோயாளிகள் பல கண்டங்களுக்குச் சிதறிய பிறகு, இது ஒரே இடத்தில் வாங்கிய நோய் என்று யார் கண்டுபிடிப்பது? 2000ஆம் ஆண்டில் போர்னியோவின் சபா பகுதியில் நடந்த ஈகோ சேலஞ்ச் சாகசப் போட்டியில் 304 பேர் கலந்துகொண்டார்கள். காட்டாறு, சேறு, குகை எல்லாம் கடந்து ஊர் திரும்பியவர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். லண்டனில் ஒரு மருத்துவமனை, லாஸ் ஏஞ்சலஸில் ஒன்று, டொராண்டோவில் ஒன்று. தனித்தனியாகப் பார்த்தால் வெறும் காய்ச்சல். பயணிகளின் நோய்களைப் பதிவுசெய்யும் ஜியோசென்டினல் என்ற மருத்துவர் வலைப்பின்னல் வழியாகத் தகவல்கள் ஒன்றுசேர்ந்தபோதுதான் பொதுவான புள்ளி தெரிந்தது: எலிக்காய்ச்சல். தொடர்புகொள்ள முடிந்த 189 பேரில் 80 பேருக்கு நோய் அறிகுறிகள் இருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியவர்களுக்கே ஆபத்து அதிகம். எலிகளின் சிறுநீர் கலந்த நீர் சிராய்ப்பு வழியாகவும் வாய் வழியாகவும் உள்ளே போயிருக்கிறது. டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை முன்கூட்டி எடுத்துக்கொண்டவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு கிடைத்ததாகவும் அந்த ஆய்வு காட்டியது.

தண்ணீர் என்றதும் பாரிஸ் நினைவுக்கு வரும். 2024 ஒலிம்பிக்ஸுக்காக செய்ன் நதியைத் தூய்மைப்படுத்த பிரான்ஸ் 140 கோடி யூரோ செலவிட்டது. பழைய நகரம்; மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும் இடங்கள் உண்டு. பெருமழை பெய்தால் குழாய் நிரம்பி ஆற்றில் கொட்டும். அதைத் தேக்கிவைக்க ஆஸ்டர்லிட்ஸ் ரயில் நிலையம் அருகே 50,000 கன மீட்டர் கொள்ளும் பெரிய தொட்டியைத் தரைக்கடியில் கட்டினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் தொடக்க விழா நாளில் பெய்த மழையால் செய்னில் நீந்தி, பிறகு சைக்கிள் மிதித்து ஓடும் ஆடவர் டிரையத்லான் ஜூலை 30இலிருந்து 31க்குத் தள்ளிப்போனது. கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. நீரில் மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலி கிருமியை வளர்த்து எண்ணும் வழக்கமான பரிசோதனைக்கு ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். அதிகாலையில் முடிவெடுப்பவர் கையில் இருப்பது நேற்றைய ஆறு. இன்றைய ஆற்றை மழையளவையும் நீரோட்டத்தையும் வைத்து ஊகிக்கத்தான் வேண்டும்.

கோவிட் காட்டியவை

கோவிட் பற்றி எழுதியாகிவிட்டது போதுமான அளவு. இரண்டு மூன்று விஷயங்கள் மட்டும். 2020 பிப்ரவரி 19 அன்று மிலனின் சான் சிரோ அரங்கில் இத்தாலியின் அட்டலாண்டா, ஸ்பெயினின் வலென்சியா கால்பந்து அணிகள் மோதின. அட்டலாண்டாவின் சொந்த ஊரான பெர்காமோவிலிருந்து சுமார் 40,000 பேர் பேருந்திலும் ரயிலிலும் போய்ப் பார்த்தார்கள். அன்றைய தேதியில் அந்த வட்டாரத்தில் உறுதியான நோயாளி ஒருவர்கூட இல்லை. கொடோன்யோ ஊரில் முதல் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டது மறுநாள் இரவு. அடுத்த மாதம் பெர்காமோ ஐரோப்பாவிலேயே மோசமாக அடிபட்ட நகரங்களில் ஒன்று. ஆட்டம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. வைரஸ் அதற்கு முன்பே அங்கே உலவிக்கொண்டிருந்தது. ஆனால் நோயாளி இல்லை என்பதும், நோயாளி தெரியவில்லை என்பதும் வேறு வேறு.

2021 யூரோ கால்பந்து இன்னும் தெளிவான பாடம். ஸ்காட்லாந்துச் சுகாதாரத் துறை தொற்றியவர்களைத் தேடித் தேடிக் கேட்டது. யூரோ தொடர்பான நிகழ்வுகளுக்குப் போனதாகச் சொன்ன தொற்றாளர்கள் 1,991 பேர். அவர்களில் 1,294 பேர் லண்டனுக்குப் பயணம் போனவர்கள். வெம்பிளி அரங்குக்குள் உட்கார்ந்தவர்களோ 397 பேர்தான். மற்றவர்கள்? பெரும்பாலும் டிக்கெட் இல்லாமலே லண்டன் போய், மதுக்கடையிலும் தெருவிலும் கூடி ஆட்டம் பார்த்தவர்கள். அரங்குக்குள் இருக்கைக்கு இருக்கை இடைவெளி விட்டு, நுழைவாயிலில் பரிசோதனைச் சான்று கேட்டு, எல்லாம் ஒழுங்காகவே செய்தார்கள். வெளியே கட்டிப்பிடித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸும் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸும் மறு எல்லைக்குப் போயின. டோக்கியோவில் பெரும்பாலும் பார்வையாளர்கள் இல்லாத அரங்குகள், வீரர்களுக்குத் தினசரி உமிழ்நீர்ப் பரிசோதனை; பெய்ஜிங்கில் வெளியுலகோடு ஒட்டே இல்லாத மூடிய வளையம். பலித்தது, சந்தேகமில்லை. ஆனால் அதைத் திருவிழா என்று யாராவது சொல்வார்களா? 2024 பாரிஸில் எல்லாம் தலைகீழ். கட்டாயப் பரிசோதனை இல்லை, தனிமைப்படுத்தல் இல்லை. கோவிட்டும் பிற சுவாசத் தொற்றுகளுமாகக் குறைந்தது 40 வீரர்களுக்கு உறுதியானது. அமெரிக்க ஓட்டக்காரர் நோவா லைல்ஸ் கோவிட்டோடு 200 மீட்டர் ஓடி வெண்கலம் வாங்கி, தடத்திலேயே சரிந்து, சக்கர நாற்காலியில் வெளியேறினார். மூன்றே ஆண்டில் ஒரே வைரஸுக்கு இரண்டு விதமான நடைமுறை. தடுப்பூசியும் பரவலான எதிர்ப்புச் சக்தியும் வந்துவிட்டன என்பது நியாயமான காரணம். பக்கத்து வரிசையில் நின்று ஓடியவரிடம் யாராவது கேட்டார்களா என்பது தனிக் கேள்வி.

ஒன்றும் நடக்கவில்லை என்ற அறிக்கை

சரி, நன்றாக நடந்த உதாரணம்? 2012 லண்டன் ஒலிம்பிக்ஸைத்தான் பலரும் சொல்வார்கள். இங்கிலாந்தின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை பல ஆண்டு முன்பே வேலையைத் தொடங்கியது. குடும்ப மருத்துவர்கள், தொலைபேசி உதவி எண், மருத்துவமனை அவசரப் பிரிவு ஆகியவற்றிலிருந்து, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், யார் என்ன அறிகுறியோடு வருகிறார்கள் என்ற கணக்கு தினமும் வந்து சேரும்படி செய்தார்கள். அவசரப் பிரிவுக் கண்காணிப்பு இதற்காகவே புதிதாக அமைக்கப்பட்டது. போட்டிக்கு ஓரிரு ஆண்டு முன்பே அதை ஓடவிட்டதுதான் புத்திசாலித்தனம். சாதாரண ஆகஸ்டில் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு வரும் என்று தெரியாதவர், போட்டி நாளில் வந்த எண்ணிக்கை அதிகமா குறைவா என்று எப்படிச் சொல்வார்?

போட்டி நடந்த நாள்களில் தினமும் ஓர் அறிக்கை போனது. பெரும்பாலான நாள்களில் அதன் சாரம் ஒன்றும் இல்லை என்பதுதான். அது வீண்வேலை இல்லை. இணையத்தில் கிளம்பும் வதந்தி, ஒரு பத்திரிகையாளரின் கேள்வி, அமைச்சரின் கவலை எல்லாவற்றுக்கும் அன்றே ஆதாரத்தோடு பதில் சொல்ல அந்த வெற்று அறிக்கைதான் உதவியது. பெரிய பரவல் எதுவும் நடக்கவில்லை. அமைத்த கண்காணிப்பு போட்டிக்குப் பிறகும் நாட்டுக்குப் பயன்பட்டது. அரங்குகள் பல ஊர்களில் புல் முளைத்துக் கிடக்கும்போது, ஒலிம்பிக்ஸ் விட்டுச்சென்ற நல்ல சொத்து இது என்பேன்.

கடைசி ஆயுதம் போட்டியையே நகர்த்துவது. 2003இல் சார்ஸ் காரணமாக மகளிர் கால்பந்து உலகக் கோப்பை சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போனது. எபோலா அச்சத்தில் மொராக்கோ தள்ளிவைக்கக் கேட்டபோது, 2015 ஆப்பிரிக்கக் கோப்பையை இரண்டு மாத அவகாசத்தில் ஈக்வடோரியல் கினியாவுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு முடிவுகளிலும் அறிவியலோடு பயமும் பணமும் கலந்திருந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை.

2026 கால்பந்து உலகக் கோப்பைக்கு அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என மூன்று நாடுகள், 16 நகரங்கள், 48 அணிகள், 104 ஆட்டங்கள். தட்டம்மையை ஒழித்த நாடு என்ற தகுதியைக் கனடா 2025 நவம்பரில் இழந்தது. அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் அதே ஆண்டு பெரிய பரவல்கள். அதாவது இம்முறை தொற்று வருபவர்களோடு வரலாம் என்பதைப் போலவே, வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போகவும் கூடும். தயாராக வேண்டியவர்கள் 16 நகரங்களின் சுகாதார அதிகாரிகள் மட்டுமல்ல. ரசிகர்களை அனுப்பும் நாடுகளின் காய்ச்சல் மருத்துவர்களும்தான். காய்ச்சலும் தடிப்புமாக வருபவரிடம் எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்க வேண்டியவர்கள் அவர்கள். இறுதி ஆட்டம் ஜூலை 19. அன்று கேலரியில் ஒருவருக்குத் தட்டம்மை தொற்றினால், அது வெளிப்பட ஆகஸ்ட் 9 வரைகூட ஆகலாம். அவரிடமிருந்து வாங்கியவருக்கு மாதக் கடைசி.